பிரஷர் மாத்திரையும் அதன் தொல்லைகளும்

(மாதுங்காவில் நடந்த உறுப்பினர் கூட்டத்தில் நிகழ்த்திய உரையின் எழுத்து வடிவம். பிற நகரங்களில் உள்ள உறுப்பினர்களுக்காகச் சில இடங்களில் விளக்கம் சேர்க்கப்பட்டுள்ளது.)



காரியதரிசி போன் பண்ணி, "டாக்டர், இந்தத் தடவை பிரஷரைப் பற்றிப் பேசுங்கோ" என்றார். பிரஷர் ஏன் வருகிறது, உப்பைக் குறைக்க வேண்டும், நடக்க வேண்டும் என்பதெல்லாம் உங்களுக்கு மனப்பாடம். அதையே மறுபடி சொன்னால் பின்வரிசையில் இருப்பவர்கள் காபிக்கு எழுந்து போய்விடுவார்கள். ஆகவே நான் எடுத்துக்கொண்ட விஷயம் வேறு. பிரஷருக்காகச் சாப்பிடும் மாத்திரை கொடுக்கும் தொல்லைகள். அவற்றை என்ன செய்வது?

முப்பத்தைந்து வருஷம் மாதுங்காவிலும் செம்பூரிலும் வைத்தியம் பார்த்ததில் ஒன்றைக் கவனித்திருக்கிறேன். மாத்திரை ஒத்துக்கொள்ளாதவர்கள் இரண்டு ஜாதி. ஒரு சாரார் யாரிடமும் சொல்லாமல் மாத்திரையை நிறுத்திவிடுவார்கள். இன்னொரு சாரார் யாரிடமும் சொல்லாமல் தொல்லையைப் பொறுத்துக்கொண்டு, "எல்லாம் பிராரப்தம்" என்று இருந்துவிடுவார்கள். இரண்டு பேருக்கும் பொதுவானது அந்த "யாரிடமும் சொல்லாமல்" என்பதுதான். இரண்டுமே அனாவசியம். இன்று பிரஷருக்கு ஐந்தாறு வகை மாத்திரைகள் இருக்கின்றன. ஒன்று ஒத்துக்கொள்ளாவிட்டால் இன்னொன்று. சொன்னால்தானே மாற்ற முடியும்?

இந்தத் தொல்லை புதிதில்லை. மாத்திரை பிறந்தபோதே கூடப் பிறந்தது. அந்தக் கதையில் நம் பம்பாய்க்கு முக்கியமான பங்கு உண்டு. பரேலில் உள்ள கே.ஈ.எம். ஆஸ்பத்திரியில் டாக்டர் ருஸ்தம் ஜால் வகீல் என்ற பார்சி இருதய நிபுணர் இருந்தார். சர்ப்பகந்தா என்ற மூலிகை வேரை நம் வைத்தியர்கள் சித்தப் பிரமைக்கும் தூக்கமின்மைக்கும் வெகு காலமாகக் கொடுத்து வந்தார்கள். அது ரத்த அழுத்தத்தைக் குறைக்கிறது என்று 1931லேயே கல்கத்தாவில் கணநாத் சென்னும் கார்த்திக் சந்திர போஸும் எழுதினார்கள். ஆனால் உலகம் கவனிக்கவில்லை. வகீல் தம் நோயாளிகளுக்கு அதைக் கொடுத்து, அளந்து, குறித்து, 1949ல் இங்கிலாந்தின் இருதய மருத்துவப் பத்திரிகையில் வெளியிட்டார். அதன் பிறகுதான் மேல்நாட்டார் விழித்துக்கொண்டார்கள். 1952ல் ஸ்விட்சர்லாந்தில் சீபா கம்பெனி விஞ்ஞானிகள் அந்த வேரிலிருந்து ரெசர்பின் என்ற சத்தைப் பிரித்தார்கள். 1957ல் அமெரிக்காவின் லாஸ்கர் பரிசு வகீலுக்குக் கிடைத்தது. அதற்கு முன் பிரஷருக்கு உருப்படியான மருந்து என்று ஒன்றும் கிடையாது. மகாத்மா காந்திக்கு 1940ல் 220/110 இருந்ததாக மருத்துவக் குறிப்புகளில் இருக்கிறது. இன்று அப்படி இருந்தால் சும்மா விடுவோமா?

ரெசர்பினுக்கு மூக்கடைப்பு வந்தது. நாடி மெதுவானது. எல்லாவற்றுக்கும் மேலாகச் சிலருக்கு மனச் சோர்வு வந்தது. சிரித்துப் பேசிக்கொண்டிருந்த மனிதர் மூலையில் உட்கார்ந்துவிடுவார். வயதாகிவிட்டது, ரிடையர் ஆகிவிட்டார், அதனால்தான் என்று வீட்டில் நினைத்துக்கொள்வார்கள். அளவைக் குறைத்துக் கொடுக்கத் தெரிந்த பிறகு அந்தத் தொல்லை மிகவும் குறைந்தது. அடெல்ஃபேன் என்ற பெயர் இங்கே உள்ள மூத்தவர்களுக்கு ஞாபகம் இருக்கும். அதில் இருந்தது இந்த ரெசர்பின்தான்.

இப்போது அந்த மருந்து அநேகமாக வழக்கொழிந்துவிட்டது. ஆனால் அது கற்றுக்கொடுத்த பாடம் அப்படியே இருக்கிறது. மாத்திரையின் தொல்லை மாத்திரையின் தொல்லை மாதிரியே தெரியாது. வயோதிகம் மாதிரி தெரியும், மழைக்கால இருமல் மாதிரி தெரியும், மறதி மாதிரி தெரியும். ஆகவே எந்த மாத்திரை என்ன செய்யும் என்று கொஞ்சம் தெரிந்து வைத்துக்கொள்வது நல்லது.

அதற்கு ஒரு சுலபமான வழி சொல்கிறேன். மாத்திரை அட்டையில் பெரிய எழுத்தில் இருப்பது கம்பெனி வைத்த பெயர். அதை விட்டுவிட்டு, கீழே சின்ன எழுத்தில் இருக்கும் மருந்தின் பெயரைப் பாருங்கள். கண்ணாடி போதாவிட்டால் பேரனைக் கூப்பிடுங்கள். பெயரின் வால்தான் கோத்திரம். "ப்ரில்" என்று முடிந்தால் ஒரு கோத்திரம்: எனலாப்ரில், ரேமிப்ரில். "சார்ட்டான்" என்று முடிந்தால் இன்னொன்று: லோசார்ட்டான், டெல்மிசார்ட்டான். "டிபின்" என்றால் அம்லோடிபின், சில்னிடிபின். "லால்" என்றால் அடெனலால், மெட்டோப்ரோலால். நீர் மாத்திரைகள் மட்டும் இந்த வாலுக்குக் கட்டுப்படாதவை: ஹைட்ரோகுளோரோதையஸைட், குளோர்தாலிடோன், இண்டாபமைடு. இப்போதெல்லாம் ஒரே மாத்திரையில் இரண்டு மூன்று மருந்து சேர்த்து வருகிறது. சாப்பிட சௌகரியம்தான். ஆனால் தொல்லை வந்தால் குற்றவாளி யார் என்று கண்டுபிடிக்க உள்ளே இருக்கும் பெயர்கள் தெரிந்திருக்க வேண்டும்.

முதலில் "ப்ரில்". இதன் பூர்வோத்தரம் வேடிக்கையானது. பிரேசில் நாட்டில் ஜராராகா என்ற விரியன் கடித்தால் மனிதனின் ரத்த அழுத்தம் சடாரென்று இறங்கிவிடும். அந்த விஷத்தை 1960களில் செர்ஜியோ ஃபெரெய்ரா என்ற விஞ்ஞானி ஆராய்ந்தார். அதை அடிப்படையாக வைத்து உண்டாக்கிய மாத்திரைதான் கேப்டோப்ரில். 1981ல் அமெரிக்காவில் விற்பனைக்கு வந்தது. முதலில் சர்ப்பகந்தா, பிறகு சர்ப்பமே! பாம்புக்கும் நம் பிரஷருக்கும் ஏதோ பூர்வ ஜன்ம பந்தம் இருக்கிறது.

இந்த வகை மாத்திரை உடம்பில் பிராடிகைனின் என்ற ஒரு பொருளைச் சேர விடுகிறது. அது தொண்டையில் குறுகுறுப்பை உண்டாக்கி வறட்டு இருமலைக் கிளப்பும். நூற்றில் ஐந்திலிருந்து இருபது பேர் வரை இது வரலாம். ஆண்களைவிட ஸ்திரீகளுக்கு ஜாஸ்தி. சளி இருக்காது, ஜுரம் இருக்காது. படுத்தால் வரும், பேசினால் வரும். மாத்திரை ஆரம்பித்த அன்றே வர வேண்டும் என்பதில்லை. இரண்டு வாரம், இரண்டு மாதம் கழித்தும் வரலாம். அதனால்தான் யாருக்கும் சந்தேகம் மாத்திரைமேல் போவதில்லை.

செம்பூரில் இது இன்னும் கஷ்டம். மாஹுலில் எண்ணெய் சுத்திகரிப்பு ஆலைகள், பக்கத்தில் உரத் தொழிற்சாலை. "கேஸ் சேம்பர்" என்று ஊரே செம்பூருக்குப் பட்டப் பெயர் வைத்திருக்கிறது. இருமினால் பழி காற்றின்மேல் போய்விடும். செம்பூரிலிருந்து ஒரு மாமி வந்தார்கள். ஏழு மாத இருமல். எக்ஸ்ரே எடுத்தாகிவிட்டது, டி.பி. இல்லை என்றாகிவிட்டது, நாலைந்து பாட்டில் சிரப் காலி. பாட்டு சொல்லிக்கொடுப்பவர். கிளாஸையே நிறுத்திவிட்டார். "டாக்டர், சரணம் வரதுக்குள்ள நாலு தடவை இருமறேன். குழந்தைகள் சிரிக்கறதுகள்" என்றார். ரேமிப்ரிலை எடுத்துவிட்டு டெல்மிசார்ட்டான் கொடுத்தேன். மூன்று வாரத்தில் இருமல் போயிற்று. சிலருக்கு முழுதும் போக இரண்டு மூன்று மாதம்கூட ஆகும். "சார்ட்டான்" வகையில் இந்த இருமல் அபூர்வம்.

அந்த மாமி விஷயத்தில் இன்னொன்றும் இருந்தது. இருமலுக்காக அவர் தினமும் அதிமதுரம் வாயில் அடக்கிக்கொண்டிருந்தார். பாடுகிறவர்கள் வீட்டில் அதிமதுரம் இல்லாமல் இருக்காது. ஆனால் அதிமதுரத்தை நாள் தவறாமல் நிறையச் சாப்பிட்டால் உடம்பில் உப்பும் நீரும் தேங்கும், பொட்டாசியம் குறையும், பிரஷர் ஏறும். பார்த்தீர்களா வேடிக்கையை! பிரஷருக்கு மாத்திரை, மாத்திரையால் இருமல், இருமலுக்கு அதிமதுரம், அதிமதுரத்தால் பிரஷர், அதற்காக மாத்திரை அளவு இரட்டிப்பு. என்றோ ஒருநாள் ஒரு துண்டு போட்டுக்கொள்வதை நான் சொல்லவில்லை. மாசக்கணக்கில் தினமும் என்பதைத்தான் சொல்கிறேன். கஷாயம், சூரணம் எது சாப்பிட்டாலும் உங்கள் டாக்டரிடம் சொல்லுங்கள். அவர் கோபித்துக்கொண்டாலும் பரவாயில்லை.

இதே வகையில் அபூர்வமாக ஒரு ஆபத்து உண்டு. உதடோ, நாக்கோ, முகமோ திடீரென்று வீங்கும். வருஷக்கணக்காகச் சாப்பிட்டு வருபவருக்கும் வரலாம். அப்போது போன் பண்ணி அப்பாயிண்ட்மெண்ட் கேட்டுக்கொண்டிருக்கக் கூடாது. நேரே ஆஸ்பத்திரி எமர்ஜென்சிதான். அதற்குப் பிறகு ஜன்மத்துக்கும் அந்த வகை மாத்திரை வேண்டாம்.

அடுத்தது அம்லோடிபின். இந்தியாவில் மிக அதிகமாக எழுதப்படும் பிரஷர் மாத்திரைகளில் ஒன்று. விலை குறைவு, வேலையும் நன்றாகச் செய்யும். தொல்லை, கால் வீக்கம். சாயங்காலம் செருப்பு வார் பதிந்த தடம் குழியாகத் தெரியும், மெட்டி இறுகும். 5 மில்லிகிராமில் சிலருக்குத்தான் வரும். 10 ஆக்கினால் ஜாஸ்தி. இந்த வீக்கம் ஏன் வருகிறது என்று தெரிந்தால் பாதிப் பிரச்னை தீர்ந்துவிடும். உடம்பில் நீர் அதிகமாகி வருவது அல்ல இது. மாத்திரை ரத்தத்தைக் கொண்டுபோகும் சின்னக் குழாய்களை விரிக்கிறது. திருப்பிக் கொண்டுவரும் குழாய்களை அந்த அளவுக்கு விரிப்பதில்லை. வரத்து ஜாஸ்தி, போக்கு அதே. மாதுங்கா கிங்ஸ் சர்க்கிளில் ஜூலை மாச மழைக்கு ரோட்டில் தண்ணீர் நிற்பது போல, கணுக்காலில் கசிந்து நிற்கிறது.

இதற்கு நீர் மாத்திரை போட்டால் அவ்வளவாகப் பலன் இருக்காது. ஆனால் நடப்பது என்ன? கால் வீக்கத்துக்கு ஒரு நீர் மாத்திரை. நீர் மாத்திரையால் யூரிக் ஆசிட் ஏறி, கால் கட்டைவிரலில் வலி. வலிக்கு டைக்ளோஃபினாக். அது பிரஷரை ஏற்றி, வயிற்றைப் புண்ணாக்கி, கிட்னியையும் தொடும். வயிற்றுக்கு ஒரு மாத்திரை. யூரிக் ஆசிடுக்கு ஒரு மாத்திரை. ஒரு மாமா பிளாஸ்டிக் டப்பாவில் ஒன்பது மாத்திரை கொண்டுவந்து என் மேஜையில் கொட்டினார். ஒவ்வொன்றுக்கும் காரணம் கேட்டு நூல் பிடித்துக்கொண்டே போனேன். ஐந்து மாத்திரை கடைசியில் ஒரு அம்லோடிபினில் போய் முடிந்தன. அம்லோடிபினை 5 ஆக்கி, கூட ஒரு "சார்ட்டான்" சேர்த்ததில் வீக்கம் வடிந்தது, பிரஷரும் நின்றது. அந்த வகை மாத்திரை திரும்பும் குழாயையும் கொஞ்சம் விரித்துவிடுவதால் வீக்கம் குறைகிறது. சில்னிடிபினுக்கு மாற்றுவதும் ஒரு வழி. அதில் வீக்கம் குறைவு. மாமாவிடம் கடைசியில் மிஞ்சியது ஐந்து மாத்திரை.

ஒரு எச்சரிக்கை. இரண்டு காலும் சமமாக வீங்கினால்தான் மாத்திரைமேல் சந்தேகப்படலாம். ஒரு கால் மட்டும் வீங்கி வலித்தால், அல்லது வீக்கத்தோடு மூச்சு வாங்கினால், அது வேறு சமாசாரம். அன்றைக்கே காட்டுங்கள்.

இனி நீர் மாத்திரை. 1958லிருந்து இருக்கிறது. பிரமாதமான மருந்து, பக்கவாதத்தைத் தடுப்பதில் கெட்டிக்காரன். ஆனால் வயதான ஸ்திரீகளிடத்தில் நான் மிகவும் பயப்படுவதும் இதற்குத்தான். காரணம் சோடியம். ரத்தத்தில் சோடியம் 135லிருந்து 145க்குள் இருக்க வேண்டும். நீர் மாத்திரை சிலருக்கு அதைச் சத்தமில்லாமல் இறக்கிவிடும். எழுபது வயதுக்கு மேல், ஒல்லியான தேகம், சாப்பாடு கொஞ்சம், உப்பைச் சுத்தமாக நிறுத்தியாயிற்று, "நிறைய தண்ணீர் குடி" என்று யாரோ சொன்னதைக் கேட்டு நாளைக்கு மூன்று நாலு லிட்டர் தண்ணீர், மேலே மும்பை மே மாத வியர்வை. அவ்வளவும் சேர்ந்தால் போதும்.

மாதுங்காவில் ஒரு பாட்டி. வயது எழுபத்தெட்டு. லலிதா சகஸ்ரநாமம் புஸ்தகம் இல்லாமல் சொல்பவர். பத்து நாளாக நாமாவளி தப்புகிறது, அடுப்பை அணைக்க மறக்கிறார், நடை தள்ளாடுகிறது. பிள்ளை அமெரிக்காவிலிருந்து, "அம்மாவுக்கு மறதி வியாதி வந்துடுத்து, முதியோர் இல்லம் பார்க்கணும்" என்று பேச ஆரம்பித்துவிட்டார். அட்வான்ஸ் கட்டக்கூட ஏற்பாடு நடந்தது. பாட்டிக்குத் தெரியாமல் இல்லை. மருமகளிடம், "நான் யாருக்கும் பாரமா இருக்கல்லே" என்று சொல்லியிருக்கிறார். ரத்தம் எடுத்துப் பார்த்தால் சோடியம் 118. இரண்டு மாதத்துக்கு முன் புதிதாக ஆரம்பித்த நீர் மாத்திரை. ஆஸ்பத்திரியில் வைத்து மெதுவாக ஏற்றினார்கள். அவசரமாக ஏற்றக்கூடாது, அதிலும் மூளைக்கு ஆபத்து உண்டு. ஒரு வாரத்தில் பாட்டி பழையபடி ஆனார். முதியோர் இல்லம் பேச்சு அத்தோடு போயிற்று.

ஆகவே நீர் மாத்திரை புதிதாக ஆரம்பித்தாலோ, அளவு கூட்டினாலோ, இரண்டு மூன்று வாரத்துக்குள் சோடியம், பொட்டாசியம், கிரியேட்டினின் பார்த்துவிடச் சொல்லுங்கள். "ப்ரில்", "சார்ட்டான்" ஆரம்பித்தாலும் பொட்டாசியமும் கிரியேட்டினினும் பார்க்க வேண்டும். வயதானவர் திடீரென்று குழம்பிப் பேசினால், மறதி என்று முத்திரை குத்துமுன் ஒரு சோடியம் பாருங்கள். வெளியூரிலும் வெளிநாட்டிலும் இருக்கும் பிள்ளைகளுக்கும் இதை எழுதுங்கள். பெற்றோரிடம் வீடியோவில் பேசும்போது, "புதுசா மாத்திரை ஏதாவது மாத்தினாளா?" என்று ஒரு வார்த்தை கேட்கட்டும்.

மழைக்காலத்தில் வாந்தி பேதி வந்து உடம்பு காய்ந்திருக்கும்போது நீர் மாத்திரையையும் "ப்ரில்", "சார்ட்டான்" வகைகளையும் அப்படியே தொடர்ந்தால் கிட்னி திண்டாடும். அன்றே டாக்டருக்குப் போன் பண்ணி, இரண்டு மூன்று நாள் நிறுத்தலாமா என்று கேளுங்கள். நிர்ஜலமாக ஏகாதசி இருப்பவர்களும் முன்கூட்டியே கேட்டுக்கொள்வது நல்லது. அந்த நேரத்தில் மூட்டுவலி மாத்திரையும் சேர்ந்தால் மூன்றும் கூடிக்கொண்டு கிட்னியை ஒரு கை பார்த்துவிடும். முழங்கால் வலிக்கு முதலில் பாரசிட்டமால் போதுமா என்று பாருங்கள்.

தாராவிக்கு மருத்துவ முகாம்களுக்காகப் போனதுண்டு. சயான் ஆஸ்பத்திரிக்குப் பக்கம்தான். நம் திருநெல்வேலிப் பக்கத்து ஜனங்கள் தலைமுறைகளாக இருக்கும் இடம். ஊர் முழுவதும் சைக்கிளில் வரும் இட்லியில் பெரும்பங்கு அங்கிருந்துதான் வருகிறது. அப்படி ஒரு இட்லி வியாபாரி வந்தார். பிரஷர் 190/110. கையில் நல்ல மாத்திரைச் சீட்டு இருந்தது, சாப்பிடவில்லை. ஏன் என்றால், நீர் மாத்திரை. "ஐயா, காலம்பற மூணு மணிக்கு எழுந்திரிச்சு மாவு ஊத்தணும். ஆறு மணிக்கு சைக்கிள எடுத்தா பதினொரு மணி வரைக்கும் தெருவுல. எங்க போறது? வீட்டுல இருந்தாலும் பொதுக் கக்கூசுல கியூ நிக்கணும்" என்றார். உடம்பு ரீதியாக அந்த மாத்திரை அவருக்கு ஒரு கெடுதலும் செய்யவில்லை. இருந்தாலும் அந்த இடத்தில், அந்தத் தொழிலில் அவரால் அதைச் சாப்பிட முடியாது. வேறு வகைக்கு மாற்றினோம். யாரும் அவரை அதுவரை ஏன் என்று கேட்டிருக்கவில்லை. புத்தகத்தில் உள்ள பக்க விளைவுப் பட்டியலில் பொதுக் கழிப்பறை வராது.

நம்மவர்களுக்கும் இதன் சாயல் உண்டு. ஷண்முகானந்தாவில் மூன்று மணி நேரக் கச்சேரி, நடுவில் எழுந்து போக சங்கோசம், அதனால் அன்றைக்கு மாத்திரை கட். பிராஸோசின், டாக்ஸாசோசின் என்ற மாத்திரைகள் சில ஸ்திரீகளுக்கு இருமினால், சிரித்தால் சிறுநீர் கசியும்படி செய்யும். சொல்ல வெட்கப்பட்டு வீட்டோடு இருந்துவிடுகிறார்கள். மாத்திரையை மாற்றினால் போய்விடும் தொல்லை இது. ஆண்களுக்கும் சொல்ல வெட்கப்படும் விஷயம் உண்டு. நீர் மாத்திரை, "லால்" வகை இரண்டும் சிலருக்கு தாம்பத்தியத்தில் குறை ஏற்படுத்தலாம். ஸ்பைரோனோலாக்டோன் மார்பில் வலியும் வீக்கமும் தரலாம். டாக்டரிடம் தனியாக இரண்டு நிமிஷம் கேட்டுப் பேசுங்கள். கடையில் தானாக வேறு மாத்திரை வாங்கிப் போட்டுக்கொள்ளாதீர்கள். இருதயத்துக்கு நைட்ரேட் சாப்பிடுபவருக்கு அது உயிருக்கே ஆபத்து.

"லால்" வகை பற்றிச் சுருக்கமாக. அசதி, கை கால் சில்லிடுதல், நாடி மெதுவாதல். ஆஸ்துமா இருந்தால் இழுப்பு ஜாஸ்தியாகலாம். சர்க்கரை வியாதிக்காரர்களுக்கு சர்க்கரை தாழும்போது வரும் படபடப்பை இது மறைத்துவிடும். வியர்வை மட்டும் வரும், அதைக் கவனியுங்கள். இதைத் திடீரென்று நிறுத்தக்கூடாது. நிறுத்தினால் நெஞ்சுவலியே வரலாம். குளோனிடின் என்ற மாத்திரையும் அப்படித்தான். நிறுத்தினால் பிரஷர் முன்னைவிட எகிறும். படிப்படியாகக் குறைக்க வேண்டும்.

தலைசுற்றல் எல்லா வகைக்கும் பொது. நமக்கென்று ஒரு விசேஷக் காரணம் இருக்கிறது, நமஸ்காரம். சாஷ்டாங்கமாக விழுந்து, சட்டென்று எழுந்து, நின்றபடி அபிவாதயே சொல்லும்போது கண் இருண்டு தள்ளாடுகிறவர்கள் உண்டு. விழுந்து இடுப்பு எலும்பு முறிந்தால் பிரஷரைவிட அது பெரிய விபத்து. எழும்போது முதலில் மண்டி போட்டு உட்காருங்கள், பத்து வரை எண்ணுங்கள், சுவரைப் பிடித்து எழுந்திருங்கள். பெருமாள் ஓடிப்போய்விட மாட்டார். ராத்திரி பாத்ரூம் போகும்போதும் அப்படியே. வீட்டில் மெஷின் இருந்தால் உட்கார்ந்து ஒரு தடவை, எழுந்து நின்று ஒரு நிமிஷத்திலும் மூன்று நிமிஷத்திலும் ஒவ்வொரு தடவை பாருங்கள். மேல் அளவு 20 அல்லது கீழ் அளவு 10 குறைந்தால் எழுதிக் காட்டுங்கள். எல்லாச் சுற்றலும் மாத்திரையால் வருவதும் இல்லை. படுக்கையில் புரளும்போது அறையே சுழன்றால் அது அநேகமாகக் காது சம்பந்தப்பட்டது. அதற்காகப் பிரஷர் மாத்திரையை நிறுத்தினால் காதும் சரியாகாது, பிரஷரும் ஏறும்.

சீட்டில் எழுதி அனுப்பிய கேள்விகள் சில இருக்கின்றன.

"எண்பத்திரண்டு வயதாகிறது. இத்தனை தொல்லையோடு மாத்திரை அவசியமா?" எண்பது வயதுக்கு மேற்பட்டவர்களை மட்டும் வைத்து ஹைவெட் என்ற ஆராய்ச்சி நடந்தது. 2008ல் முடிவு வந்தது. மாத்திரை சாப்பிட்டவர்களில் மரணம் சுமார் ஐந்தில் ஒரு பங்கு குறைந்தது, பக்கவாதமும் குறைந்தது. அங்கே வைத்த குறி 150/80. இளைஞனுக்கு வைக்கும் குறி அல்ல. ஆகவே மாத்திரை அவசியம்தான். எவ்வளவு இறக்குவது என்பதை, நின்று பார்த்த பிரஷரையும் வைத்து உங்கள் டாக்டர் முடிவு பண்ணட்டும்.

"காலையில் சாப்பிடுவதா, ராத்திரியா?" இதைப் பற்றி நிறைய சர்ச்சை இருந்தது. 2022ல் பிரிட்டனில் இருபத்தோராயிரம் பேருக்கு மேல் வைத்துப் பார்த்ததில் வித்தியாசம் இல்லை என்று தெரிந்தது. மறக்காத வேளை எதுவோ அதுவே நல்ல வேளை. நீர் மாத்திரை மட்டும் காலையில்; இல்லாவிட்டால் ராத்திரி தூக்கம் போய்விடும்.

"சோடியம் குறைந்த உப்பு என்று கடையில் விற்கிறார்களே?" அதில் சோடியத்தைக் குறைத்து பொட்டாசியம் சேர்த்திருக்கிறார்கள். கிட்னி நன்றாக இருப்பவருக்கு நல்லதுதான். ஆனால் "ப்ரில்", "சார்ட்டான்", ஸ்பைரோனோலாக்டோன் சாப்பிடுபவரும், கிட்னி பலவீனமானவரும் டாக்டரைக் கேட்காமல் தொடக்கூடாது. பொட்டாசியம் அளவுக்கு மீறினால் இருதயத் துடிப்பே தாறுமாறாகும். அவர்களுக்குத் தினமும் இளநீரும் வேண்டாம். சாதாரண உப்பையே நாளைக்கு 5 கிராமுக்குள் வைத்துக்கொண்டால் போதும். அப்பளம், வடு மாங்காய், நார்த்தங்காய், மோர் மிளகாய் எல்லாம் அந்தக் கணக்கில் சேர்த்திதான் என்று நான் சொன்னதும் யாரோ பெருமூச்சு விடுகிறார்கள்.

கடைசிச் சீட்டு. "அடுத்த வாரம் தாதரிலிருந்து ரயிலில் சென்னை போகிறேன். நீர் மாத்திரை சாப்பிடுகிறேன். ரயிலில் கஷ்டமாக இருக்கிறது. அன்று விட்டுவிடலாமா?" வெறும் பிரஷருக்காக என்றால், புறப்படும் நாளில் வேளையைத் தள்ளிப் போடுவதற்கோ, ஒரு வேளை விடுவதற்கோ டாக்டர் அனேகமாக ஒப்புக்கொள்வார், போன் பண்ணிக் கேட்டுக்கொள்ளுங்கள். இருதயம் பலவீனம் என்று கொடுத்திருந்தால் அது வேறு கணக்கு, விடக்கூடாது. மற்ற மாத்திரைகளை வழக்கம்போல் சாப்பிட வேண்டும். சென்னையில் மறுநாள் காலையிலிருந்து நீர் மாத்திரையையும் மறக்காமல் ஆரம்பித்துவிடுங்கள். மாத்திரை அட்டைகளையும் சீட்டையும் தோள் பையில் வைத்துக்கொள்ளுங்கள். சீட்டுக்கு அடியில் சங்கிலி போட்டுப் பூட்டும் பெட்டிக்குள் வேண்டாம்.